எத்திராஜு பார்த்த பன்னிரண்டு விளக்குகள்

1

என் தம்பி எத்திராஜிடம் நான் ஒரு பொய் சொன்னேன். தெரியாமல் சொன்னதல்ல. அவன் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, சிரிக்கலாமே என்பதற்காக வேறொன்றைச் சொன்னேன். அவன் அதை நம்பினான். அவன் நம்பியதைக் கட்டுரையாக எழுதி ஊரையும் சிரிக்க வைத்தேன். இதில் மன்னிக்கத்தக்க பகுதி எதுவென்று பல தடவை தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், மண்ணூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூர்க்காரன். எங்கள் குடும்பம் ஊர்ப் பெருமாளைத் தோளில் சுமக்கும் குடும்பம். பல்லக்கின் முன் தண்டில் வலப்பக்கம் நிற்பவன் குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் அடி எடுத்து வைப்பார்கள். அந்த இடம் அப்பாவுடையது. அவருக்குப் பின் மூத்தவனான எனக்கு வந்திருக்க வேண்டும். நான் பொறியியல் படித்தேன். படித்தவனுக்குத் தோளில் காய்ப்பு எதற்கு என்று கேட்டேன். அப்பா, என்னைவிடப் பதினான்கு வயது இளையவனான எத்திராஜை அந்த இடத்துக்குப் பழக்கினார்.

கார் செய்யப் போகிறேன் என்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினேன். அடிலெய்டு நகரத்துக்கு வடக்கே ஒரு கார் ஆலை. அங்கேயே தலை நரைத்தேன். பிறகு நடந்ததை ஊரில் எல்லோரும் அறிவார்கள்: கார் ஆலைகள் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் வந்து இறங்கின. நான் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். வீட்டு வாசலில் பேருந்து வந்து நிற்கப் போகிறது என்று தெரியாமல் கடல் தாண்டிப் போய் வரிசையில் நின்றவன் நான். இத்தனை வருடங்களாக ஊர்க்காரர்களை விவரம் தெரியாதவர்கள் என்று கேலி செய்துகொண்டிருந்தவனும் நான்தான்.

2

ஆலை மூடிய பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகம் வானத்தைப் பார்ப்பது.

இங்கே ஓய்வு பெற்ற தமிழர்களுக்கு மூன்று பொழுதுபோக்குகள். கறிவேப்பிலைச் செடியைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது. கோவில் கமிட்டியில் சண்டை போடுவது. இந்தியா கெட்டுப்போய்விட்டது என்று பேசுவது. மூன்றிலும் தேறாதவன் என்பதால் நான் நாலாவதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். கைப்பேசியில் ஒரு செயலி இருக்கிறது. இன்ன நேரத்தில், இன்ன திசையில் விண்வெளி நிலையம் வரும் என்று அது சொல்லும். சொன்னபடியே வரும். மேற்கே ஒரு வெளிச்சப் புள்ளி எழுந்து, விமானம் போல் கண் சிமிட்டாமல், சத்தமில்லாமல், வீட்டுக் கூரைக்கு மேலே ஏறி, கிழக்கே போகும்போது யாரோ ஊதி அணைத்த மாதிரி மறையும். அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள், தூங்குகிறார்கள். நமக்குச் சூரியன் மறைந்துவிட்டாலும் அவ்வளவு உயரத்தில் இருப்பதன் மேல் இன்னும் வெயில் அடிக்கிறது. அதுதான் நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. அதனால்தான் அந்தி சாய்ந்ததும், விடியலுக்குச் சற்று முன்பும் மட்டுமே இது கண்ணில் படும். அது பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் விளக்கு அணைகிறது.

இதை என் பேரனுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். வாசலில் நின்று கூப்பிட்டேன். வீட்டுக்குள்ளிருந்தே, அது இப்போது எந்தக் கடலுக்கு மேல் போகிறது என்று தன் போனில் பார்த்து, ஆங்கிலத்தில் எனக்குத் தெரிவித்தான். வெளியே வரவில்லை. அவன் அப்பா, அதாவது என் மகன், சுரங்கத்தில் வேலை என்று மேற்குக் கரைக்குப் போய்விட்டான். வாரக் கடைசியில் பேசுகிறான். நான் தமிழில் கேட்கிறேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். இருவருக்கும் அதில் சிரமமில்லை, பேச எதுவும் இல்லை என்பதால்.

என்னிடம் உண்மையாகவே ஏதாவது கேட்க வேண்டும் என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். ரத்தக் கொதிப்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போடலாமா, வாடகைக்கு விட ரூம் கட்டினால் மேலே தகரம் போடலாமா, ஓட்டுப் போடும் இயந்திரம் எப்படி எண்ணுகிறது என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பான். எனக்கு அது தொந்தரவாக இருந்தது.

3

அந்த வருட உத்சவத்தின்போது, ஒரு காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன் எத்திராஜு கூப்பிட்டான். எனக்கு உச்சிப்பொழுது. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிப்பாக ஆலையின் ஸ்டோர்ஸில் வேலை. உத்சவ நாட்களில் மாலைப் புறப்பாட்டுக்காக மதியம் தொடங்கி இரவில் முடியும் பி ஷிஃப்டை யாருக்காவது கொடுத்துவிட்டு, காலை ஏ ஷிஃப்டை வாங்கிக்கொள்வான். பதிலுக்குத் தீபாவளி, பொங்கலில் அவர்கள் ஷிஃப்டை இவன் பார்ப்பான். பல்லக்குச் சுமக்கிற ஆட்கள் பாதிப் பேர் இப்படித்தான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆள் குறைந்தால் வாடகை ரூம்களில் இருக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பையன்களைத் தண்டுக்கு அடியில் நிறுத்திக்கொள்வார்கள்.

"அண்ணா, வேலையா கீறியா?"

"துணி ஒணத்திக்கிட்டு இருக்கேன். சொல்லு."

"நேத்து புறப்பாட்டுல ஒண்ணு பாத்தேன் ணா. உங்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். வேற யார்கிட்ட கேட்டாலும் கிண்டல் பண்ணுவானுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அன்று அது காதில் விழுந்ததாகக்கூட நினைவில்லை.

சுமக்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. கண் தரையில்தான் இருக்கும். ஆனால் அன்று வாத்தியார் வீட்டு வாசலில் அர்ச்சனைக்காகப் பல்லக்கைத் தாங்கு கட்டைகளில் நிறுத்தியிருந்தார்கள். எத்திராஜு ஓரமாக நகர்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்திருக்கிறான்.

"ஏரிப் பக்கத்துலேர்ந்து வரிசையா வெளக்கு வருது ணா. ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ஒரே அளவு இடைவெளி. கயிறு கட்டி இழுத்த மாரி. சத்தமே இல்ல. நேரா பெருமாளுக்கு மேல போயி, அப்பால ஒண்ணொண்ணா அணைஞ்சிடுச்சு. அது இன்னாது ணா?"

அது என்னவென்று எனக்கு அந்த நொடியே தெரியும். இணைய வசதிக்காக ஒரே ராக்கெட்டில் கொத்தாக ஏற்றி விடுகிற செயற்கைக்கோள்கள். ஏற்றிய புதிதில் சில நாட்கள் ரயில் பெட்டிகள் போல் வரிசையாகப் போகும். அதற்கு முந்தின வாரம்தான் என் கொல்லையிலிருந்து நானே ஒரு வரிசையைப் பார்த்திருந்தேன். அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நாற்பது வருடம் கழித்தும் இவன் இப்படியே இருக்கிறானே என்ற இளக்காரம்.

"எத்தனை இருந்தது?" என்று கேட்டேன்.

"எண்ணல ணா. அண்ணாந்து பாத்துகினே நின்னுட்டேன்."

"எண்ணியிருக்கணும். பன்னிரண்டு இருந்திருக்கும்."



"பன்னெண்டா?"

"நான் ஒண்ணும் சொல்லல. பெருமாளுக்கு நேரா மேல வந்ததுன்னு நீதான் சொல்ற. உத்சவத்துல வந்ததுன்னும் நீதான் சொல்ற. நீயே யோசி."

போனை வைத்துவிட்டுத் துணிக் கிளிப்பைக் கையில் பிடித்தபடி சிரித்தேன். வைணவக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பன்னிரண்டு என்றால் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாதா. கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டான்.

"கஸ்தூரியும் அதேதான் சொல்றா ணா. ஆழ்வாருங்க பன்னெண்டு பேருதானே. பெருமாள சேவிக்க வந்திருக்காங்க. திரும்ப வருவாங்களா ணா?"

கஸ்தூரி அவன் மனைவி. நான் செயலியைத் திறந்து, எங்கள் ஊரைக் குறித்து, பார்த்தேன். அன்று மாலையே மறுபடி வரும் என்று இருந்தது. நேரத்தையும் திசையையும் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. அண்ணனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

4

அன்று மாலை நடந்ததைப் பின்னால் இசக்கி எனக்கு விவரமாகச் சொன்னான். இசக்கி திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். இருங்காட்டுக்கோட்டையில் வேலை, எத்திராஜின் வாடகை ரூமில் குடியிருப்பு. ஆள் குறையும் நாட்களில் பின் தண்டுக்கு வருகிறவன்.

ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்ததாம். பூசைத் தட்டுடன் பெண்கள் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நட்சத்திரம் பார்ப்பது கஷ்டம். ஆலைகளின் விளக்குகள் விடிய விடிய எரிந்து வானத்தைச் சாம்பல் பூசியது போல் ஆக்கிவிட்டன. வானத்தில் பிரகாசமாகத் தெரிவது பெரும்பாலும் இப்போது மனிதன் வீசி எறிந்தவைதான். அதையும் அவர்கள் கும்பிடக் காத்திருந்தார்கள், என் பேச்சைக் கேட்டு.

இசக்கி போனை நீட்டியிருக்கிறான். "அண்ணாச்சி, இது சேட்டிலைட்டு. எங்க ஊருக் கடக்கரையில நெறைய பாத்திருக்கோம். இதுல போட்டா பேரோட வருது, பாருங்க."

"ஏய், எங்கண்ணன் இன்ஜினியர்டா. நாப்பது வருசமா ஆஸ்திரேலியாவுல கீறாரு. அவரே சொல்ட்டாரு. உன் போன் பெருசா, எங்கண்ணன் பெருசா?"

"ஒங்க அண்ணந்தான் பெருசு அண்ணாச்சி. நான் வாடக குடுத்து இருக்கவன்."

எல்லோரும் சிரித்தார்கள். சொன்ன நேரத்துக்கு விளக்குகள் வந்தன. எத்திராஜு கை உயர்த்தி உரக்க எண்ணினான். பன்னிரண்டு வந்ததும் நிறுத்திக் கீழே விழுந்து கும்பிட்டான். விளக்குகள் நிற்கவில்லை, பின்னாலேயே இன்னும் வந்துகொண்டிருந்தன.

"பன்னெண்டு தாண்டிப் போச்சே அண்ணாச்சி?" என்று இசக்கி கேட்டான்.

"மீதியெல்லாம் அவங்க கூட வந்த அடியாருங்கடா."

இதை எத்திராஜே எனக்குப் போனில் சந்தோஷமாகச் சொன்னான். நான் அதைத் தாளில் குறித்துக்கொண்டேன். கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைத்துவிட்டது.

5

எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கலுக்கு ஒரு மலர் போடும். வண்ணப் பக்கங்கள், தலைவரின் செய்தி, செயலாளரின் செய்தி, இருவர் செய்தியிலும் ஒரே எழுத்துப்பிழை. நடுவில் என் நகைச்சுவைக் கட்டுரை. அந்த வருடம் நான் வைத்த தலைப்பு: 'ஆழ்வார்கள் வருகை: நேரம் மாறுதலுக்கு உட்பட்டது'.

விழாவில் அதைப் படிக்கச் சொன்னார்கள். அடியார்கள் வரியில் அரங்கம் குலுங்கியது. அப்படிச் சிரித்தவர்களில் பாதிப் பேர் புதுக் கார் வாங்கியபோது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவர்கள். மீதிப் பேர் விசா கிடைக்கக் கோவிலை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றியவர்கள். நானும்தான் வைத்தேன், நானும்தான் சுற்றினேன். ஆனால் கையில் ஒலிவாங்கி இருக்கும்போது அதெல்லாம் ஞாபகம் வராது.

எத்திராஜின் பெயரை நான் எழுதவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். 'என் தம்பி' என்று மட்டும் எழுதினேன். எனக்கு ஒரே தம்பி.

மலரை யாரோ போனில் அனுப்ப, அது கை மாறி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. டீக்கடையில் ஒருவன் உரக்கப் படித்தான். அண்ணனுக்கு முதல் நிமிடத்திலேயே எல்லாம் தெரியும், தம்பியை வைத்துத்தான் விளையாடியிருக்கிறான் என்று ஊர் தெரிந்துகொண்டது. எத்திராஜுக்கு 'சேட்டிலைட்டு' என்று பெயர் விழுந்தது. அதை அவன் பொறுத்துக்கொண்டான். அடுத்து வந்த ஒரு புறப்பாட்டில், தண்டு தோளில் ஏறியதும் அவன் வழக்கம்போல் குரல் கொடுக்க வாயெடுத்தபோது, பின்னாலிருந்து ஒருவன் மெதுவாக, ராக்கெட் விடுகிற மாதிரி, "த்ரீ, டூ, ஒன்" என்றான். சுமந்தவர்கள் சிரித்தார்கள். அடி பிசகியது. பல்லக்கு ஆடி, குடை போய்ச் சுவரில் இடித்தது.

எத்திராஜு தண்டைத் தாங்கு கட்டையில் நிறுத்தினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அதற்குப் பிறகு தண்டைத் தொடவில்லை.

கஸ்தூரி கூப்பிட்டுச் சொன்னாள். "கோவிலுக்காக ஷிஃப்ட்ட மாத்திக்கிறவரு மாமா. இப்போ புறப்பாடு இருக்கிற நாளா பாத்து பி ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கினு போறாரு. ராத்திரி வந்து பேசாம படுத்துக்கிறாரு. நீங்க எழுதனத எனக்கும் அனுப்பினாங்க. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

அதுவரை அந்தக் கட்டுரைக்குப் பல பாராட்டுகள் வந்திருந்தன. இதற்கு மட்டும்தான் என்னால் நன்றி சொல்ல முடியவில்லை.

எத்திராஜைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க" என்றான். வாழ்நாளில் அவன் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. 'நீ வா ணா, போ ணா' என்று பேசிய தம்பி மரியாதை கொடுக்க ஆரம்பித்தால், கதவைச் சாத்துகிறான் என்று அர்த்தம்.

6

மறு உத்சவத்துக்கு நேரில் போவது என்று முடிவு செய்தேன். பிறந்த ஊருக்குப் போக விசா விண்ணப்பம் போட வேண்டிய பிறவி நான். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டு, சுற்றுலா, வியாபாரம், வைத்தியம் என்று கொடுத்திருந்தார்கள். சுற்றுலா என்று போட்டேன். அப்பா பெயரும் என் பெயரும் ஆளுக்கொரு தாளில் ஆளுக்கொரு மாதிரி இருப்பதால் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். விமான நிலைய அதிகாரி என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஆங்கிலத்தில், இந்தியாவுக்கு முன்பு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் பிறந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்து, எஸ் என்றேன்.

எத்திராஜு வாசலில் நின்றான். "வாங்க. உக்காருங்க. பிரயாணம்லாம் சௌகரியமா?" கஸ்தூரி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, "தேங்க்ஸ்மா" என்றேன். அவள் கை ஒரு கணம் நின்றது. தம்பி வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு நன்றி சொல்கிறவன் விருந்தாளி. நானே வாயைத் திறந்து உறுதி செய்துவிட்டேன்.

அவன் அந்த உத்சவம் முழுக்க பி ஷிஃப்ட் எழுதி வாங்கியிருந்தான். நான் எழுந்திருக்கும்போது அவன் தூங்கினான். புறப்பாட்டு நேரத்தில் அவன் ஆலையில் இருந்தான். முன் தண்டில் வேறொருவன் நின்றான். குரல் எடுபடவில்லை. பெருமாள் தெருவில் நொண்டிக்கொண்டு வந்தார். வயதான பெண்கள், எத்திராஜு இல்லாத பல்லக்கு பல்லக்கா என்று என் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

7

கடைசி நாள் ஆலைக்குச் சரக்கு வரவில்லை, லைன் நின்றுவிட்டது, பி ஷிஃப்ட் ஆட்கள் வர வேண்டாம் என்று தகவல் வந்தது. போக இடமில்லாமல் எத்திராஜு கோவில் வாசலுக்கு வந்தான். சட்டை போட்டுக்கொண்டு, மதில் ஓரமாக, கஸ்தூரி பக்கத்தில், கையைக் கட்டி நின்றான்.

இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. அவமானம் ஊர் முன்னால் நடந்தது, மன்னிப்பும் ஊர் முன்னால் நடக்க வேண்டும் என்பது என் கணக்கு. பல்லக்கைத் தூக்குவதற்கு முன்னால், சுமக்கிறவர்கள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, நடுவில் போய் நின்றேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்தது சங்க மேடைத் தமிழ். "அன்றைக்கு வானத்தில் வந்தவை என்ன என்று எனக்குத் தெரியும். என் தம்பி நம்பிக்கையோடு கேட்டான். நான் வேண்டுமென்றே பொய் சொன்னேன். முட்டாள் அவனல்ல. தவறு முழுக்க என்னுடையது."

என் மனம் லேசானது. கொஞ்சம் கண்கூடக் கலங்கியது. பிறகு பின் தண்டிலிருந்து ஒருவன், "அப்போ பன்னெண்டு பேரும் வரலியா பெரியவரே?" என்றான். இன்னொருவன், "மைக்கு வேணுமா சார்?" என்றான். ஒரகடத்தில் புதிதாகச் சேர்ந்து, முதல் தடவையாகத் தண்டுக்கு வந்திருந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "இன்னா மேட்டர் மச்சி?" என்று கேட்டான். அவன் ஆரம்பத்திலிருந்து எடுத்துச் சொன்னான். எத்திராஜு கை உயர்த்தி எண்ணியதை நடித்தும் காட்டினான். அடியார்கள் வரியில் எல்லோரும் சிரித்தார்கள். மறந்துபோனவர்களுக்கு ஞாபகப்படுத்தி, தெரியாதவர்களுக்குத் தெரியப்படுத்தி, என் கட்டுரையை நானே இரண்டாம் பதிப்புப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

எத்திராஜு சட்டையைக் கழற்றினான். கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், நடித்துக்கொண்டிருந்தவன் கையை இறக்கினான்.

"தள்ளுடா" என்றான், முன் தண்டில் நின்றவனிடம். "பெருமாளு நின்னுகினு கீறாரு. இவரு சொற்பொழிவு பண்ணிகினு கீறாரு, நீங்க கத கேட்டுகினு கீறீங்க. வெக்கமா இல்ல?" பிறகு என் பக்கம் திரும்பினான். "ஓரமா நில்லு ணா. காலு மாட்டிக்கப் போவுது."

நான் ஓரமாக நின்றேன். அவன் தோளைக் கொடுத்துக் குரல் எழுப்பினான். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை கால்களும் ஒன்றாக நகர்ந்தன. என் மன்னிப்பைக் கேட்டு அவன் தண்டுக்கு வரவில்லை. என் வாயை மூடுவதற்காக வந்தான்.

8

மறுநாள் காலை நான் கிளம்ப வேண்டும். எத்திராஜு இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். மறுபடி 'ங்க' வந்திருந்தது.

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியுதுங்க. உங்களுக்கு மனசுல பாரம். எறக்கி வெக்க எடம் தேடினீங்க. எந்தலதான் கெடச்சுது."

"தப்புதான் எத்திராஜு."

"கேலி பண்ணீங்க, அது போவட்டும். சின்ன வயசுலேர்ந்து பண்றீங்க. ஆனா நான் தெரியாமதானே கேட்டேன். தெரிஞ்சிருந்தா உங்கள ஏன் கேக்கறேன்?"

நான் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது செய்ய வேண்டுமே என்று, "அது உண்மையில என்னன்னு இப்போ சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"இசக்கி சொல்லிட்டான். நமக்கு இங்க இருட்டிடுமாம். அதுக்கு மட்டும் அவ்ளோ ஒசரத்துல வெயில் அடிச்சிகினு இருக்குமாம். அதான் மின்னுதாம்." சட்னியை என் தட்டில் ஊற்றினான். "கேக்க நல்லாத்தான் கீது. இதையே சொல்லியிருக்கலாம் நீங்க."

இதை எழுதும் இன்றுவரை அவன் முன் தண்டில்தான் நிற்கிறான். கஸ்தூரி சொல்கிறாள், உத்சவ நாட்களில் பழையபடி ஏ ஷிஃப்ட் வாங்கிக்கொள்கிறானாம். 'சேட்டிலைட்டு' என்று யாரும் கூப்பிடுவதில்லை. அதைவிட நல்ல பெயர் வேறு யாருக்கோ கிடைத்திருக்கும். என்னோடு சண்டை ஒன்றும் இல்லை. தீபாவளிக்குக் கூப்பிடுகிறான். சௌக்கியமா என்கிறான், குளிரா என்கிறான். மாத்திரையைப் பற்றியோ தகரத்தைப் பற்றியோ எதையும் கேட்பதில்லை. தொந்தரவு நின்றுவிட்டது.

சில வாரங்களுக்கு முன் நானாகக் கூப்பிட்டேன். அடுத்த நாள் அந்தி சாய்ந்ததும் விண்வெளி நிலையம் எங்கள் ஊருக்கு நேர் மேலே போவதாகச் செயலி காட்டியது. ஆலை விளக்குகளையும் மீறித் தெரிகிற அளவு பிரகாசமான வரவு. வடமேற்கே பார்க்கச் சொன்னேன். அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு நாளைக்குப் பல தடவை சூரிய உதயத்தைப் பார்க்கிறார்கள் என்பதையும் சொன்னேன். எந்த அலங்காரமும் சேர்க்கவில்லை. "சரிங்க" என்றான்.

பார்த்தானா என்று அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து இசக்கியைக் கூப்பிட்டேன்.

"பாத்தாவய்யா. அக்காவும் அவியளுமா மொட்டமாடில நின்னு பாத்தாவ. ரொம்ப நேரம் நின்னாவ."

"நான் சொன்ன நேரத்துக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. மொதல்ல எங்கிட்டதான் வந்தாவ. நீங்க சொன்ன நேரத்தச் சொல்லி, எல இசக்கி, இத ஒன் போன்ல போட்டுப் பாரு, சரியான்னு சொல்லுன்னாவ. நான் பாத்து, சரியாத்தான் இருக்கு அண்ணாச்சின்னேன். அதுக்குப் பெறவுதான் ஏணி ஏறுனாவ."

நல்லது என்றேன். அடுத்த தடவையும் அப்படியே சரிபார்த்துச் சொல்லும்படி அவனைக் கேட்டுக்கொண்டேன்.